மூட்டை விலையும் முட்டை விலையும்

மக்காச்சோளம் கிலோ இருபது ரூபாய்க்குச் சற்று மேலே விற்கும் தானியம். கூண்டில் வளரும் ஒரு முட்டைக்கோழி ஒரு நாளில் அதில் தின்பது 55 கிராம் அளவுக்குத்தான். ஒன்றரை ரூபாய்க்குக்கூட வராது. அப்படியிருக்க, உடுமலையிலோ பெரம்பலூரிலோ மக்காச்சோளம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறியதும் நாமக்கல் பண்ணையாளர்கள் ஏன் கலங்கிப்போகிறார்கள்? கொல்லையில் ஒரு கைப்பிடி தானியத்தை இறைத்துவிட்டு முட்டை எடுத்த வீடுகள் இன்றும் இருக்கின்றன. அங்கே செலவு என்ற பேச்சே எழாத ஒன்று, பண்ணையில் மட்டும் ஏன் தலையாய செலவாகிறது?

பண்ணை முட்டையின் உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். ஆனால் மூட்டையின் மேல் எழுதிய விலை ஒன்று, அது பறவையின் உடலுக்குள் போய் முட்டையாக வெளிவரும்போது விழும் செலவு வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பறவையின் செரிமானம், சுண்ணச்சத்து, பூஞ்சை, பெட்ரோல் வரை பல காரணங்கள் நிற்கின்றன.

கோழிக்கு ஏன் மக்காச்சோளம்

உலகெங்கும் கோழித்தீவனத்தின் அடிப்படை மக்காச்சோளம்தான் என்பது தற்செயல் அல்ல. கோழியின் குடல் நீளம் குறைவு. தின்றது சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். நார் மிகுந்த தீனியை ஊறவைத்து நொதிக்கச் செய்ய மாட்டுக்கு இருப்பதுபோல் பெரிய வயிறு அதற்கு இல்லை. எளிதில் கரையும் மாவுச்சத்துதான் அதற்குப் பொருந்தும். மக்காச்சோளத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. நார் மிகக் குறைவு. அதோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் எண்ணெயும் உண்டு.

தீவனத்தின் மதிப்பை அளக்கத் தீவன வல்லுநர்கள் பார்ப்பது பயன்படு ஆற்றல். தின்ற பொருளில் உள்ள மொத்த ஆற்றலிலிருந்து எச்சத்தோடு வெளியேறும் ஆற்றலைக் கழித்தால் கிடைப்பது இது. ஒரு கிலோ மக்காச்சோளத்தில் கோழிக்குக் கிடைக்கும் பயன்படு ஆற்றல் சுமார் 3,300 கிலோ கலோரி. எண்ணெய் எடுத்த அரிசித் தவிட்டில் ஏறக்குறைய அதில் பாதிதான். அதனால் தவிடு கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்பது மட்டும் ஆதாயம் ஆகிவிடாது. கோழி வயிறு நிறைய அல்ல, ஆற்றல் நிறையத் தின்னும் பறவை. தீவனத்தில் ஆற்றலைக் குறைத்தால் 110 கிராம் தின்றது 115, 120 என்று கூட்டிக்கொள்ளும். மூட்டையில் மிச்சம் பிடித்ததைத் தீவனத் தொட்டியில் இழக்க நேரிடும்.

மஞ்சள் கருவின் நிறமும் இதில் அடக்கம். அந்த மஞ்சள் நிறமிகளைக் கோழியின் உடல் தானே உண்டாக்காது. தீனியிலிருந்துதான் வர வேண்டும். மஞ்சள் மக்காச்சோளத்தில் அவை உண்டு, குருணை அரிசியில் இல்லை. மக்காச்சோளம் விலை ஏறிய மாதங்களில் குருணைக்கு மாறும் பண்ணையின் முட்டையை உடைத்துப் பார்த்தால் கரு வெளிறியிருக்கும். சத்தில் பெரிய குறை இருக்காது. ஆனாலும் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்பதால், நிறத்துக்கென்று தனியே செலவு செய்ய வேண்டிவரும்.

மக்காச்சோளம் மட்டும் போட்டால்

மலிவான தானியத்தை மட்டும் போட்டுச் செலவைக் குறைக்கலாமே என்று தோன்றும். நாள் ஒன்றுக்கு 110 கிராம் தின்னும் கோழிக்கு அத்தனையும் மக்காச்சோளமாகவே கிடைத்தால் என்ன ஆகும்?

முதலில் புரதம். மக்காச்சோளத்தில் நூற்றுக்கு எட்டரை பங்கு அளவில் புரதம் உண்டு. 110 கிராமில் 9 கிராமுக்குச் சற்று மேலே கிடைக்கும். தினமும் முட்டையிடும் கோழிக்கு வேண்டியது 17, 18 கிராம். அளவு குறைவு என்பதோடு தரமும் குறைவு. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் லைசின், டிரிப்டோஃபான் என்ற இரண்டும் மக்காச்சோளத்தில் மிகச் சொற்பம். ஒன்றில் குறை விழுந்தாலும் மற்ற அமினோ அமிலங்கள் பயன்படாமல் எச்சத்தோடு போய்விடும். இந்தக் குறையை நிரப்பத்தான் சோயா புண்ணாக்கு சேர்க்கிறார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அது மக்காச்சோளத்தைவிட விலை கூடியது.

அடுத்தது சுண்ணச்சத்து. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணச்சத்து இருக்கிறது. மக்காச்சோளத்தில் இருப்பதோ பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. ஓர் ஓட்டுக்கு வேண்டியதை மக்காச்சோளத்திலிருந்தே எடுக்க வேண்டுமானால் கோழி 10 கிலோ தின்றாக வேண்டும். அதன் உடல் எடையே ஒன்றரை கிலோதான். தீனியில் கிடைக்காதபோது கோழி தன் எலும்பைக் கரைத்து ஓட்டைக் கட்டுகிறது. முட்டையிடும் பறவைகளின் கால் எலும்புக்குள் இதற்கென்றே ஒரு தற்காலிகச் சேமிப்பு உண்டு. அது தீர்ந்ததும் உடலைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும். கூண்டில் கால் ஊன்ற முடியாமல் சரிந்து கிடக்கும் கோழியைக் கண்டால் அனுபவப்பட்ட பண்ணையாளர் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஓடு உருவாகும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. அதனால்தான் சுண்ணாம்புக்கல் குருணையும் கிளிஞ்சலும் மாலைத் தீவனத்தில் கூடுதலாகச் சேர்கின்றன. பருமனான துண்டுகள் இரவு முழுவதும் வயிற்றில் நின்று மெல்லக் கரையும்.

கொல்லைக் கோழியின் புதிரும் இங்கே அவிழ்கிறது. அதற்கு இறைக்கும் தானியம் ஆற்றலை மட்டுமே தருகிறது. புரதத்தைப் புழுவிலும் கரையானிலும் பூச்சியிலும், சுண்ணச்சத்தை மண்ணிலும் நத்தை ஓட்டிலும் அது தானே தேடிக்கொள்கிறது. அப்படியும் ஆண்டுக்கு நூறு முட்டையை எட்டுவதே கடினம். பண்ணைக்கோழி முந்நூறுக்கு மேல் இடுகிறது. கூண்டுக்குள் தேட எதுவும் இல்லாததால் அத்தனையும் காசு கொடுத்துத் தொட்டியில் போட வேண்டியிருக்கிறது.

ஒரு முட்டையின் கணக்கு

நூறு கோழிகள் உள்ள ஒரு கூண்டு வரிசையை எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு 11 கிலோ தீவனம் போகும். அதில் மக்காச்சோளம் 5.5 கிலோ, சோயா புண்ணாக்கு 2.2 கிலோ, சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலுமாக 1.1 கிலோ, மீதி 2.2 கிலோ தவிடும் மற்றப் புண்ணாக்குகளும் தாது உப்பும். பண்ணைக்குப் பண்ணை விகிதம் மாறினாலும் கணக்கின் போக்கு இதுதான்.

நூறு கோழியும் தினம் முட்டையிடாது. நல்ல பருவத்தில் 85 முட்டை கிடைப்பதாக வைத்தால், ஒரு முட்டைக்கு விழும் தீவனம் 129 கிராம். அதில் மக்காச்சோளம் 65 கிராம். மத்திய அரசு மக்காச்சோளத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2023-24ல் குவிண்டாலுக்கு 2,090 ரூபாய். 2025-26ல் 2,400 ரூபாய். சந்தை இதற்கு மேலும் கீழும் ஆடும் என்றாலும் கணக்குக்கு இவை போதும். பழைய விலையில் ஒரு முட்டைக்கு மக்காச்சோளச் செலவு 1 ரூபாய் 35 காசு. புதிய விலையில் 1 ரூபாய் 55 காசு. வித்தியாசம் 20 காசு.

கடையில் ஒரு முட்டை வாங்குபவருக்கு 20 காசு பொருட்டில்லை. ஒரு லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு அது வேறு கதை. அவருடைய பண்ணைக்கு நாளொன்றுக்கு ஐந்தரை டன் மக்காச்சோளம் வேண்டும். கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் நாளுக்கு 5,500 ரூபாய், மாதத்துக்கு 1,65,000 ரூபாய் கூடுதல். முட்டையின் விலையையோ அவர் தனியாக நிர்ணயிக்க முடியாது. 1982ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் பண்ணை விலையை ஒட்டியே வியாபாரம் நடக்கும். அந்த விலை ஏறி இறங்குவது தேவையைப் பொறுத்து. புரட்டாசியில் பலர் அசைவத்தைத் தவிர்க்கும்போது விலை சரியும். கோழியோ புரட்டாசியிலும் அதே 110 கிராம் தின்னும்.

இனி அதே கணக்கில் மூட்டை விலையைத் தொடாமல் முட்டை எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். வயதான கோழிகள், அல்லது நோய் கண்டு தெளிந்தவை, நூற்றுக்கு 65 முட்டைதான் தருகின்றன என்று கொள்ளலாம். தீவனம் ஏறக்குறைய அதே அளவில்தான் போகும். இப்போது ஒரு முட்டைக்கு விழும் மக்காச்சோளம் 85 கிராம். செலவு 2 ரூபாய் 3 காசு. மூட்டை விலையில் ஒரு பைசாகூட ஏறாமலே முட்டைக்கு 48 காசு கூடிவிட்டது. இரண்டு ஆண்டு விலையேற்றத்தால் கூடியதைப் போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். சந்தை விலையைப் பற்றிய பேச்சில் இந்த உண்மை பெரும்பாலும் மறைந்துபோகிறது. மக்காச்சோளம் எவ்வளவு விலை என்பதைவிட, அதைத் தின்னும் பறவை எந்த நிலையில் இருக்கிறது என்பதே செலவைக் கூடுதலாக நிர்ணயிக்கிறது.

முட்டையிடத் தொடங்கும் முன் தின்றதையும் சேர்க்க வேண்டும். ஒருநாள் குஞ்சு 18 வாரக் கோழியாக வளர்வதற்குள் சுமார் 6 கிலோ தீவனம் தின்றுவிடும். அதுவரை வரவு எதுவும் இல்லை. வாழ்நாளில் 320 முட்டை இட்டால் அந்தப் பழைய கடன் முட்டைக்கு 19 கிராம் தீவனமாக ஏறும். இடையிலேயே கோழி இறந்தால் அதன் பங்கு மற்றக் கோழிகளின் முட்டைமேல் விழும்.

ஈரமும் பூஞ்சையும்

ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு மூட்டைகள் ஒரே செலவு அல்ல. 12 விழுக்காடு ஈரம் உள்ள 100 கிலோவில் உலர்ந்த தானியம் 88 கிலோ. 18 விழுக்காடு ஈரம் இருந்தால் 82 கிலோ. கிலோ 24 ரூபாய்க்கு ஈர மூட்டையை வாங்குபவர் தண்ணீருக்கே ஏறக்குறைய 160 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். ஆலை வாசலில் மூட்டைக்குள் குத்தூசியை நுழைத்து மாதிரி எடுத்து, ஈரமானியில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான். கைதேர்ந்தவர்கள் மணியைக் கடித்தே சொல்லிவிடுவார்கள். காய்ந்த மணி நறுக்கென்று உடையும். ஈர மணி பல்லுக்கு இடம் கொடுக்கும்.

தண்ணீருக்குக் கொடுத்த காசு சிறிய இழப்பு. பெரிய இழப்பு பூஞ்சையால் வருவது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்றதுதான் காரணம் என்று ஆராய்ந்து கண்டபோதுதான் இந்த நச்சு அடையாளம் காணப்பட்டது. சமையல் சூட்டுக்கு அது அழியாது. பூஞ்சை காய்ந்து உதிர்ந்துபோன பிறகும் மணிக்குள் தங்கியிருக்கும். அதனால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் மணியை நம்பிவிட முடியாது.

இந்தியாவில் கோழித்தீவனத்துக்கு வகுத்த உச்சவரம்பு நூறு கோடிப் பங்கில் 20 பங்கு. அதற்கு மேல் போனால் முதலில் ஈரல் கெடும். தீனி எடுப்பு குறையும், முட்டை சிறுக்கும், போட்ட தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. கோழி சாகாமல், முட்டை மட்டும் 85லிருந்து மெல்ல மெல்ல இறங்கும். மேலே பார்த்த 48 காசுக் கணக்கு இங்கே உண்மையாகிறது. மலிவு என்று வாங்கிய பழுதான மூட்டை, பண்ணையின் மிக விலை கூடிய மூட்டையாக முடியும்.

பெட்ரோலோடு போட்டி

சென்ற சில ஆண்டுகளில் மக்காச்சோளத்துக்குப் புதிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டத்துக்கு முன்பு கரும்பே பெரிய ஆதாரமாக இருந்தது. மழை பொய்த்ததால் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குப் பயன்படுத்துவதில் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. நீண்ட காலமாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024ல் ஏற்றுமதியைவிட அதிகமாக இறக்குமதி செய்தது. 2025ல் கலப்பு அளவு நூற்றுக்கு இருபதை எட்டியது.

ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். இருபது விழுக்காடு கலந்த பெட்ரோல் 10 லிட்டரில் எத்தனால் 2 லிட்டர். அது முழுவதும் மக்காச்சோளத்திலிருந்தே வந்திருந்தால் 5.3 கிலோ தானியம் செலவாகியிருக்கும். நூறு கோழிகள் ஒரு நாள் முழுவதும் தின்னும் மக்காச்சோளம் கிட்டத்தட்ட இதே அளவு.

தானியம் முற்றிலும் போய்விடுவதில்லை. மாவுச்சத்து எத்தனாலாக மாறியபின் புரதமும் எண்ணெயும் நாரும் அடங்கிய சக்கை, எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, தீவனமாகத் திரும்பி வருகிறது. தீவன ஆலைகளில் அதை டிடிஜிஎஸ் என்பார்கள். புரதம் கூடியிருப்பதால் சோயாவுக்குப் பதில் ஓரளவு சேர்க்கலாம். ஆனால் மாவுச்சத்து நீங்கும்போது மற்ற எல்லாம் செறிவது போலப் பூஞ்சை நச்சும் ஏறக்குறைய மூன்று மடங்கு செறிந்துவிடும். கெட்ட மக்காச்சோளம் போன ஆலையிலிருந்து வரும் சக்கையைச் சோதிக்காமல் வாங்குவது அபாயம்.

வயலுக்கு வரும் மயில்

இங்கே காட்டுயிர்களுக்கு யாரும் மூட்டை வாங்கிப் போடுவதில்லை. அவை வயலிலேயே எடுத்துக்கொள்கின்றன. அதற்கும் விலை உண்டு, கட்டுவது விவசாயி. கொங்குப் பகுதியின் மானாவாரிக் காடுகளில் விதைத்த மறுநாளே மயில்கள் வந்து சாலைக் கீறி விதையைப் பொறுக்கும். கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் தட்டையைச் சாய்க்கும். அவை தின்பதைவிட மிதித்து அழிப்பது அதிகம். மணி முற்றும்போது பச்சைக்கிளிகள் தோகையைக் கிழித்துக் கதிரின் நுனியைக் கொத்தும். மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. அதை விரட்டலாம், தீங்கு செய்யக் கூடாது. அந்தச் சட்டம் நியாயமானதே. ஆனால் காக்கும் செலவு பொதுவாக இல்லாமல், காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் தலையில் விழுவது நியாயமில்லை.

கிளி கொத்திய கதிர் இன்னொரு வழியிலும் செலவு வைக்கிறது. தோகை கிழிந்த இடத்தில் மழைநீர் இறங்கும், மணியின் தோல் உடைந்திருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் நுழைய அதுவே போதும். 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டுப் பிறகு தமிழகத்தையும் அடைந்த படைப்புழு கதிரைத் துளைத்தாலும் இதே விளைவுதான். அந்தக் கதிர்களைத் தனியே பிரிக்காமல் களத்தில் ஒன்றாக அடித்துச் சேர்த்தால், வயலில் தொடங்கிய பழுது நாமக்கல் கோழியின் ஈரலில் போய் முடியும்.

மானுக்குப் போடும் மக்காச்சோளம்

வட அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மக்காச்சோளத்தைக் காசு கொடுத்து வாங்கி வெள்ளைவால் மானுக்குப் போடுகிறார்கள். சிலர் வேட்டைக்கு ஈர்ப்பதற்காக, வேறு சிலர் பனிக்காலத்தில் மெலிந்து நிற்கும் மானைக் கண்டு மனம் இரங்கி. மூட்டை அங்கும் மலிவுதான். இரக்கத்தால் போட்ட அந்தத் தானியமே மானைக் கொல்வதுண்டு.

மான் ஆட்டையும் மாட்டையும் போல அசைபோடும் விலங்கு. அதன் பெருவயிற்றில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் உண்மையில் தீனியைச் செரிக்கின்றன. பனிக்காலத்தில் மான் குச்சியும் மொட்டும் பட்டையும் கடித்து உயிர்வாழ்கிறது. நுண்ணுயிர்களும் நாரைச் செரிக்கும் வகைகளாகவே நிறைந்திருக்கும். இந்த நிலையில் திடீரென்று ஒரு வயிறு மக்காச்சோளம் உள்ளே போனால், மாவுச்சத்தைத் தின்னும் வேறு நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. நாரைச் செரிப்பவை அந்தப் புளிப்பில் மடிகின்றன. வயிற்றின் சுவர் வெந்து புண்ணாகிறது. உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு இரத்தம் வறள்கிறது. ஒன்று முதல் மூன்று நாளில் மான் இறந்துவிடும். பசியால் இறந்ததாகத் தோன்றும் உடலை அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைய மக்காச்சோளம் இருக்கும். பண்ணை மாட்டுக்கும் தானியம் போடுகிறார்கள் என்றாலும், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டி நுண்ணுயிர்களைப் பழக்கிய பிறகே போடுகிறார்கள். பனியில் வந்து நிற்கும் மானுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

தப்பிப் பிழைத்தவற்றுக்கும் ஆபத்து நீங்குவதில்லை. சிதறி மேய வேண்டிய விலங்குகள் ஒரே குவியலில் முகத்தோடு முகம் வைத்துத் தின்கின்றன. எச்சிலிலும் சாணத்திலும் பரவும் நாட்பட்ட மெலிவு நோய் என்ற மூளை நோய்க்கு அது தோதான இடம். 1967ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட அந்த நோய்க்கு இன்றுவரை மருந்தில்லை. நனைந்து கிடக்கும் குவியலில் வளரும் பூஞ்சையோ, அங்கே வந்து பொறுக்கும் காட்டு வான்கோழிகளுக்குக் கேடு. பல மாநிலங்கள் மானுக்குத் தீனி போடுவதைத் தடைசெய்தோ கட்டுப்படுத்தியோ இருப்பது இந்தக் காரணங்களால்தான். பனிக்காலத்தில் மானுக்கு உதவ விரும்புபவர்களுக்கு அங்குள்ள வனவிலங்குத் துறைகள் சொல்லும் யோசனை எளியது: தீனி வாங்கிப் போடாமல், மான் கடிக்கக்கூடிய புதர்களும் இளமரங்களும் வளரக் காட்டில் இடம் விடுங்கள்.